மூக்குக்குக் கீழே இருக்கும் பள்ளம்

ஒரு கண்ணாடியை எடுத்து முகத்தைப் பாருங்கள். மூக்கின் அடியிலிருந்து மேலுதடு வரை ஒரு சின்னப் பள்ளம் இறங்குகிறதா? அதன் இரு பக்கமும் இரண்டு மெல்லிய மேடுகள் இருக்கும், விரலால் தடவிப் பாருங்கள். பிறகு நாக்கின் நுனியால் மேல்வாயைத் தடவுங்கள். முன்பற்களுக்குப் பின்னாலிருந்து தொண்டையை நோக்கி நடுவில் ஒரு கோடு ஓடுவது தெரியும்.

நீங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோது உங்கள் முகம் தனித்தனிப் பகுதிகளாக வளர்ந்தது. பிறகு அவை நகர்ந்து வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அப்படி ஒட்டிய இடங்களின் அடையாளம்தான் அந்த மேடுகளும் கோடும். எனக்கும் உண்டு, உங்கள் டீச்சருக்கும் உண்டு.

சில குழந்தைகளுக்கு இந்த ஒட்டுதல் முழுதாக நடப்பதில்லை. மேலுதட்டில் இடைவெளி இருந்தால் அது உதட்டுப் பிளவு. மேல்வாயில், அதாவது அண்ணத்தில் இருந்தால் அண்ணப் பிளவு. சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். மும்பையில் தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உங்கள் தெருவிலேயே இப்படி ஒரு கைக்குழந்தையைப் பார்த்திருக்கலாம். அல்லது மேலுதட்டில் மெல்லிய தழும்புள்ள ஓர் அண்ணன் உங்கள் பள்ளியில் படிக்கலாம். சின்ன வயதிலேயே அவருக்கு ஆப்பரேஷன் முடிந்திருக்கும்.

ஐந்து புடைப்புகள், ஒரு முகம்

கரு உருவாகி நான்காவது வாரம். அதன் நீளம் அரை சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அப்போதே முகம் தயாராகத் தொடங்கிவிடுகிறது. வாய் வரவேண்டிய இடத்தைச் சுற்றி ஐந்து புடைப்புகள் எழுகின்றன. மேலே ஒன்று, அதிலிருந்து நெற்றியும் மூக்கும் வரும். கன்னப் பக்கம் இரண்டு. கீழே தாடைக்கு இரண்டு.

கீழே உள்ள இரண்டும் சீக்கிரமே சேர்ந்துவிடும். கன்னப் புடைப்புகள் இரண்டும் மெல்ல நடுவை நோக்கி நகர்ந்து, மூக்கிலிருந்து கீழே இறங்கும் பகுதியைச் சந்திக்கும். சந்தித்தால் மட்டும் போதாது. தொட்டுக்கொண்ட ஓரங்களில் உள்ள மேல்தோல் கரைய வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் செல்கள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்க் கலக்கும். இது ஏறக்குறைய ஏழாவது வாரத்தில் முடிந்து மேலுதடு உருவாகிவிடும்.

அண்ணத்தின் கதை இன்னும் சுவையானது. வாயின் இரு பக்கமிருந்தும் இரண்டு தட்டுகள் வளர்கின்றன. ஆனால் நடுவில் நாக்கு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அவை நாக்கின் இருபுறமும் கீழ்நோக்கித் தொங்குகின்றன. எட்டாவது வாரத்தை ஒட்டி நாக்கு கீழே இறங்குகிறது. உடனே தட்டுகள் இரண்டும் மேலே எழுந்து, படுக்கைவாட்டில் நீண்டு, நடுவில் சந்தித்து, முன்னாலிருந்து பின்னாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. பன்னிரண்டாவது வாரத்தில் உள்நாக்கு வரை வேலை முடிகிறது.

இந்த வரிசையில் எங்கேனும் ஒரு தாமதம் வந்தால், ஒரு தட்டு கொஞ்சம் சிறிதாக இருந்தால், இடைவெளி அப்படியே நின்றுவிடும். உதட்டின் இடப்பக்கத்தில் பிளவு வருவது அதிகம், வலப்பக்கம் குறைவு. இரு பக்கமும் வருவது இன்னும் குறைவு.

இது அபூர்வமா? உலக அளவில் சுமார் 700 குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2.3 கோடிக் குழந்தைகள் பிறக்கிறார்கள். அதை 700ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 33,000 வரும். அதாவது ஒரு நாளைக்குத் தொண்ணூறு குழந்தைகள்.

சூரியன் மேல் பழி

இதற்கு என்ன காரணம் என்று வீட்டில் கேட்டால் ஆச்சியோ பாட்டியோ சட்டென்று பதில் சொல்வார்கள்: "கிரகணத்தப்போ அவ வெளியே போயிட்டா." கிரகண நேரத்தில் கத்தியைத் தொட்டாள், காய் நறுக்கினாள் என்றும் சொல்வதுண்டு. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்களிலும் இந்த நம்பிக்கை உண்டு, பக்கத்து மராத்தி வீடுகளிலும் உண்டு.

நாமே யோசித்துப் பார்க்கலாம். சித்திக்கு ஏழு மாதம், வயிறு நன்றாகத் தெரிகிறது. கிரகணத்துக்காக அவரை அறைக்குள் உட்கார வைக்கிறார்கள். ஆனால் குழந்தையின் உதடும் அண்ணமும் பன்னிரண்டாவது வாரத்திலேயே சேர்ந்து முடிந்தாயிற்றே! முடிந்துபோன வேலையைக் கிரகணம் எப்படிக் கெடுக்கும்?

இன்னொன்று. 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. மும்பையில் ஒரு பகுதி தெரிந்தது. கிரகணம்தான் காரணம் என்றால், அடுத்து வந்த சில மாதங்களில் மட்டும் இப்படிக் குழந்தைகள் கூட்டமாகப் பிறந்திருக்க வேண்டும். நம் ஊரில் கிரகணமே தெரியாத ஆண்டுகளில் ஒருவர்கூடப் பிறந்திருக்கக் கூடாது. நடப்பது அப்படி இல்லை. எல்லா ஆண்டும், எல்லா நாட்டிலும் பிறக்கிறார்கள்.

உண்மையான காரணம் பெரும்பாலும் ஒன்றல்ல, பல. பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்களுக்கு இதில் பங்கு உண்டு. முகம் சேர்வதில் வேலை செய்யும் பல மரபணுக்களை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் புகைப்பிடித்தல், வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள், சத்துக் குறைவு ஆகியவையும் ஆபத்தைக் கூட்டலாம். எவ்வளவு கவனமாக இருந்த அம்மாவுக்கும் இப்படி ஒரு குழந்தை பிறக்கலாம். ஆகவே, அம்மா மேல் பழி போடுவதில் அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை.

வல்லினம் எங்கே போனது?

அண்ணத்தில் இடைவெளி இருந்தால் முதலில் வரும் கஷ்டம் பால் குடிப்பதில். நாம் உறிஞ்சும்போது வாயை எல்லாப் பக்கமும் மூடி, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைக்கிறோம். மேல்வாய் திறந்திருந்தால் மூக்கு வழியாகக் காற்று உள்ளே வந்துவிடும். குழந்தை எவ்வளவு முயன்றாலும் பால் சரியாக வராது. வந்த பாலும் சில நேரம் மூக்கு வழியே வெளியேறும். அதனால் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்திலும் கரண்டியிலும் கொடுக்கச் சொல்வார்கள். நம் வீடுகளில் இருக்கும் பாலாடையும் இதற்கு நன்றாக உதவும். இந்தியாவில் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்தது பேச்சு. இதைப் புரிந்துகொள்ள ஒரு சோதனை செய்யலாம்.

செய்து பாருங்கள்: குளிர்ந்த சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். "பாப்பா பாப்பா பாப்பா" என்று சொல்லத் தொடங்குங்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியை மூக்குக்குக் கீழே படுக்கையாக வைத்து, பேச்சை நிறுத்தும் முன் எடுத்துவிடுங்கள். கண்ணாடியில் ஆவி படியாது. இப்போது "மாமா மாமா மாமா" என்று சொல்லி அதேபோல் செய்யுங்கள். ஆவி படிந்திருக்கும்! அடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் சொல்லுங்கள். பாப்பா மாறாது, மாமா மாட்டிக்கொள்வார்.

தமிழ் வகுப்பில் படித்த வல்லினமும் மெல்லினமும் நினைவிருக்கிறதா? க, ச, ட, த, ப, ற வல்லினம். இவற்றைச் சொல்லும்போது அண்ணத்தின் பின்பகுதி, எலும்பில்லாத மென்மையான பகுதி, மேலே எழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைத்துவிடுகிறது. வாய்க்குள் காற்று அழுத்தமாகச் சேர்ந்து சட்டென்று வெளியே வருகிறது. ங, ஞ, ண, ந, ம, ன மெல்லினம். இவற்றுக்கு அந்த வழி திறந்திருக்க வேண்டும், காற்று மூக்கு வழியே போகும். எழுத்து பிறக்கும் இடங்களைப் பட்டியல் போட்ட தொல்காப்பியர் மூக்கையும் அண்ணத்தையும் மறக்காமல் சேர்த்ததற்குக் காரணம் இதுதான்.

அண்ணத்தில் பிளவு இருந்தால் அந்த வழியை அடைக்கவே முடியாது. மெல்லினம் வந்துவிடும். வல்லினத்துக்கு வேண்டிய காற்று மூக்கு வழியே கசிந்துவிடும். "பாப்பா" என்று சொல்ல நினைத்தாலும் கேட்பவர் காதில் "மாம்மா" என்று விழும். குழந்தைக்கு அறிவிலோ நாக்கிலோ ஒரு குறையும் இல்லை. காற்று போகும் பாதைதான் வேறு.

காதும் பாதிக்கப்படலாம். நடுக்காதுக்குக் காற்று போகும் குழாயைத் திறந்துவிடும் தசை அண்ணத்தில்தான் இருக்கிறது. அது சரியாக வேலை செய்யாவிட்டால் காதுக்குள் நீர் கோத்துக்கொள்ளும், கேட்பது மங்கும். ஆகவே இந்தக் குழந்தைகளுக்குக் காதையும் சோதிப்பார்கள்.

இருப்பதை இடம் மாற்றுதல்

உதட்டுப் பிளவைப் பார்த்தால் ஏதோ ஒரு துண்டு காணாமல் போனதாகத் தோன்றும். ஆப்பரேஷன் செய்யும் டாக்டர் வேறு விதமாகப் பார்க்கிறார். வேண்டியவை பெரும்பாலும் அங்கேயே இருக்கின்றன, ஆனால் வேறிடத்தில் இருக்கின்றன. வாயைச் சுற்றி வளையமாக ஓட வேண்டிய தசை, நடுவில் எதிர்ப்பக்கத்தைக் காணாமல் மேலே திரும்பி மூக்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அங்கிருந்து விடுவித்து, இரு நுனிகளையும் சேர்த்து, மீண்டும் வளையமாக்க வேண்டும்.

அப்படியானால் இரு ஓரத்தையும் இழுத்து நேராகத் தைத்துவிட்டால் போதாதா? தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் உள்ள கட்டிங் மாஸ்டரிடம் கேளுங்கள். சின்ன ஓரத்தையும் பெரிய ஓரத்தையும் அப்படியே வைத்துத் தைத்தால் தோல் சுருங்கிக் கோணும், அதனால் முதலில் அளந்து, கோடு போட்டு, வளைத்து வெட்ட வேண்டும் என்பார். உதட்டிலும் அதுதான் சிக்கல். பிளவின் ஓரம் உயரத்தில் குட்டையாக இருக்கும். நேராகத் தைத்தால் தழும்பு சுருங்கி, உதட்டை மேலே இழுத்துவிடும்.

இதற்கு ஒரு நல்ல வழியைக் கண்டவர் ரால்ஃப் மில்லார்ட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். 1950களில் அவர் ராணுவ டாக்டராகக் கொரியாவில் வேலை பார்த்தார். உதட்டின் நடுவே வில் போல ஒரு வளைவு இருக்கிறதல்லவா? பிளவுபட்ட உதட்டிலும் அந்த வளைவு அழியாமல் இருக்கிறது, ஒரு பக்கம் மேலே இழுபட்டுக் கிடக்கிறது, அவ்வளவுதான் என்று அவர் கவனித்தார். மூக்கின் அடியில் வளைவாக வெட்டி, அந்தப் பகுதியைக் கீழே திருப்பி இறக்கினார். மேலே உண்டான இடைவெளிக்குக் கன்னப் பக்கத்து உதட்டுத் துண்டை நகர்த்தி வைத்தார். 1955இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மருத்துவர் மாநாட்டில் இந்த முறையை எடுத்துச் சொன்னார். இன்றும் உலகம் முழுவதும் இதையோ இதன் மாற்று வடிவங்களையோதான் பலரும் பின்பற்றுகிறார்கள்.

வேலை மிக நுட்பமானது. உதட்டின் சிவப்பும் வெளித்தோலும் சந்திக்கும் கோடு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் எதிரே நிற்பவர் கண்ணில் பட்டுவிடும். டாக்டர் உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்து, மையால் புள்ளிகள் வைத்து, அளந்து, பிறகுதான் கத்தியைத் தொடுவார். உள்பக்கச் சவ்வு, தசை, தோல் என்று மூன்று அடுக்காகத் தையல். தோலுக்குப் போடும் நூல் தலைமுடி அளவுதான் தடிமன் இருக்கும்.

அண்ணத்திலும் தசைதான் முக்கியம். பிளவு இருந்தால் மென்மையான பகுதியின் தசைகள் குறுக்காக ஓடாமல் நீளவாக்கில் ஓடி எலும்பில் ஒட்டியிருக்கும். ஓட்டையை மட்டும் மூடினால் பால் கசியாது, ஆனால் வல்லினம் வராது. தசையை எடுத்துத் திருப்பிக் குறுக்காக இணைத்தால்தான் அண்ணம் மேலே எழுந்து வழியை அடைக்கும்.

எப்போது செய்வார்கள்? உதட்டுக்கு மூன்று முதல் ஆறு மாதம். டாக்டர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: குழந்தைக்குப் பத்து வாரம் ஆகியிருக்க வேண்டும், எடை பத்து பவுண்டு, அதாவது நாலரை கிலோ இருக்க வேண்டும், நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து கிராம் இருக்க வேண்டும். அண்ணத்துக்குப் பொதுவாக ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள். பேச்சு கூடிவரும் முன் வாய் தயாராக வேண்டும் அல்லவா?

வாய் மூடி ஜெயித்தவர்கள்

இந்த ஆப்பரேஷனின் வரலாற்றில் நோயாளிகளே பெரிய ஆட்கள்.

சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் வெய் யோங்சி என்ற ஏழை இளைஞர் இருந்தார். பிறவியிலேயே உதட்டுப் பிளவு. ஓர் ஆளுநரிடம் உள்ள மருத்துவர் அதைச் சரிசெய்வார் என்று கேள்விப்பட்டு, வழிச் சோற்றுக்குக் கொஞ்சம் அரிசியோடு கிளம்பிப் போனார். வெட்டித் தைக்கலாம், ஆனால் நூறு நாள் கஞ்சிதான் குடிக்க வேண்டும், பேசவோ சிரிக்கவோ கூடாது என்றார் மருத்துவர். பாதி ஆயுள் பேசாமல் இருக்கச் சொன்னாலும் சரி என்றார் இளைஞர். உதடு சேர்ந்தது. பின்னாளில் அவரே ஆளுநர் ஆனார் என்று சீன வரலாற்று நூல் பதிந்து வைத்திருக்கிறது.

1819இல் பாரிஸில் கனடாவைச் சேர்ந்த ஜான் ஸ்டீஃபன்சன் என்ற மருத்துவ மாணவருக்கு ஃபிலிபேர் ரூ என்ற அறுவை மருத்துவர் மென்மையான அண்ணத்தைத் தைத்துச் சேர்த்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வர இன்னும் இருபத்தேழு ஆண்டுகள் இருந்தன! அதுவரை தெளிவாகப் பேச முடியாதவர் பிறகு நன்றாகப் பேசினார். ஊர் திரும்பி மொன்றியலில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அதுதான் பின்னால் மெக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவாக வளர்ந்தது.

மூன்றாமவர் இங்கிலாந்தின் ஃபிலிப் அயர். இவரும் உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறந்தவர். வளர்ந்து மயக்க மருந்து டாக்டர் ஆனார். கைக்குழந்தைக்கு மயக்கம் கொடுப்பது அப்போது ஆபத்தான வேலை. பெரியவர்களுக்கான கருவியின் வால்வுகளைத் தள்ளி மூச்சு விடும் பலம் குழந்தைக்கு இல்லை. அயர் 1937இல் வால்வே இல்லாத ஒரு சின்னக் குழாயை வெளியிட்டார். ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இருக்கும் அதில் குழந்தை சிரமமின்றி மூச்சு விட்டது. அந்தக் குழாயிலிருந்து பிறந்த கருவிகள் இன்றும் குழந்தைகளின் ஆப்பரேஷன் தியேட்டர்களில் இருக்கின்றன.

மும்பைக்கும் இதில் ஒரு கதை உண்டு. இந்த ஊரில் சார்ல்ஸ் பின்டோ என்ற பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். அவரிடம் தொழில் கற்ற பார்சி டாக்டர் ஹிர்ஜி அடன்வாலா, கேரளத்தின் திருச்சூருக்குப் போய், அங்குள்ள ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் தங்கிவிட்டார். 2020இல் காலமான அவர் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு உதட்டையும் அண்ணத்தையும் சேர்த்துவைத்தார். அங்கே உருவான சிகிச்சை மையத்துக்குத் தன் பெயரை வைக்கவில்லை, ஆசிரியர் சார்ல்ஸ் பின்டோவின் பெயரை வைத்தார்.

ஆப்பரேஷனுக்குப் பிறகு

ஒரே ஆப்பரேஷனில் எல்லாம் முடிந்துவிடாது. பல் ஈறிலும் பிளவு இருந்தால், எட்டிலிருந்து பதினோரு வயதுக்குள் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே நிரப்புவார்கள். கோரைப்பல் முளைத்து இறங்க எலும்பு வேண்டுமே! பற்களை வரிசைப்படுத்தக் கம்பி போடுவார்கள். மூக்கைச் சீராக்க வளர்ந்தபின் இன்னோர் ஆப்பரேஷன் தேவைப்படலாம்.

இதில் நீண்ட வேலை பேச்சுப் பயிற்சி. அண்ணம் சேரும் முன்பே பேசத் தொடங்கிய குழந்தை, வாயில் காற்று நிற்காததால் தொண்டையிலேயே ஒலியை வெட்டப் பழகியிருக்கும். அண்ணம் சரியான பிறகும் அந்தப் பழக்கம் போகாது. ப எங்கே பிறக்கிறது, க எங்கே பிறக்கிறது என்று பயிற்சியாளர் ஒவ்வொன்றாகக் காட்டித் தருவார். வீட்டில் தமிழும் பள்ளியில் மராத்தியும் தெருவில் இந்தியும் பேசும் தாராவிப் பிள்ளைக்கு எல்லா மொழியிலும் இந்த ஒலிகள் வேண்டும். பாந்திராவில் 1983 முதல் இயங்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் பேச்சுக்கும் கேட்கும் திறனுக்கும் என்றே உள்ளது.

ஆப்பரேஷனுக்கு எங்கே போவது? தாராவியை ஒட்டியே மாநகராட்சியின் சயான் மருத்துவமனை இருக்கிறது. அங்கே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு. பரேலில் குழந்தைகளுக்கென்றே வாடியா மருத்துவமனை 1929 முதல் நடக்கிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற அரசுத் திட்டத்தில், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பரிசோதித்து இலவசச் சிகிச்சைக்கு அனுப்பும் குறைபாடுகளில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உண்டு. ஸ்மைல் டிரெய்ன் என்ற அமைப்பும் பல ஊர்களில் இலவச ஆப்பரேஷனுக்குப் பணம் தருகிறது. அப்படி ஆப்பரேஷன் ஆன உத்தரப் பிரதேசத்துச் சிறுமி பிங்கியைப் பற்றிய 'ஸ்மைல் பிங்கி' என்ற ஆவணப்படம் 2009இல் ஆஸ்கர் வென்றது. அதே பிங்கிதான் 2013 விம்பிள்டன் ஆண்கள் இறுதிப்போட்டியில் நாணயத்தைச் சுண்டிவிட்டார்.

உங்களுக்கும் இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. தெருவில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால், இதற்கு ஆப்பரேஷன் உண்டு, சீக்கிரம் போய்க் காட்ட வேண்டும் என்று அம்மாவிடமும் அங்கன்வாடி டீச்சரிடமும் சொல்லுங்கள். கிரகணப் பேச்சு வந்தால் பன்னிரண்டு வாரக் கணக்கை எடுத்து விடுங்கள்.

இரண்டாவது வேலை வகுப்பில். பேச்சுப் பயிற்சிக்குப் போகும் நண்பர் ஒரு சொல்லில் திணறினால், நீங்களே முந்திக்கொண்டு அதைச் சொல்லி முடிக்காதீர்கள். உதட்டை வைத்துப் பட்டப்பெயர் சொல்பவரை நிறுத்துங்கள். "கொக்கு", "பப்படம்", "தாத்தா தட்டில் பட்டாணி" என்று வல்லினம் நிறைந்த விளையாட்டை எல்லோரும் சேர்ந்தே ஆடுங்கள். அந்த ஒலிகள் நூற்றுக்கணக்கான தடவை சொல்லிச் சொல்லித்தான் வாயில் படியும். பயிற்சியாளருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. உங்களுக்கோ தினமும் இடைவேளை மணி அடிக்கிறது.